ரத்னவிலாஸ் ஃபேமிலி ரூம்

ஆகஸ்ட் 7, புதன்

பிரதீபாவை நான் பெற்றிருக்கவே கூடாது. பெற்றதுதான் பெற்றேன், இன்ஜினீயரிங் படிக்க வைத்திருக்கக் கூடாது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் போட்டோவை மறுமணத்துக்கு வரன் பார்க்கும் தளம் ஒன்றில் போட்டிருக்கிறாள். அவள் கல்யாணத்தில் நான் பட்டுச்சேலையில் நிற்கும் போட்டோ. பக்கத்தில் நின்ற தன் மாமியாரை வெட்டி எடுத்துவிட்டாளாம். ‘சாந்தாமணி, வயது 52, தபால் அலுவலகப் பணி, சிங்காநல்லூர், கோவை.’ உயரம் வேறு போட்டிருக்கிறாள். இந்த வயதில் என் உயரம் யாருக்கு வேண்டும்?

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “திட்டி முடிச்சாச்சாம்மா? சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் ரத்னவிலாஸுக்கு வர்றார். ஒரு காபி குடிச்சுட்டு வா, போதும்” என்கிறாள்.

அவள் அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நாளில் என்னைத் தாங்கிப் பிடித்தது அவருடைய அக்கா ருக்குமணி நங்கையாதான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இன்றைக்கும் குழம்பு நன்றாக வந்தால் ஒரு தூக்குவாளியில் எனக்கு வந்துவிடும். இது அவள் காதுக்குப் போனால் நான் எந்த முகத்தோடு அந்தத் தூக்கை வாங்குவேன்?

மாடித் தொட்டியைக் கழுவினேன். ஆள் வைத்துக் கழுவியிருக்கலாம்.

ஆகஸ்ட் 10, சனி

வேண்டாம் என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று போனேன். வேறொன்றும் இல்லை. பச்சைச் சேலை கட்டியது, மற்றவை இஸ்திரி போடாமல் கிடந்ததால்.

ரத்னவிலாஸில் முன்பக்கம் ஹால். நான்கு பேர் உட்காரும் மேஜைகள். முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை கழுவ எழும் முன்பே பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப். அங்கே உட்கார்ந்தால் சிங்காநல்லூர் முழுக்கப் பார்க்கும். தபால் ஆபீஸ் கவுண்டரில் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பவளைத் தெரியாதவர் யார்? பின்பக்கம் ஏ.சி. போட்ட ஃபேமிலி ரூம், கறுப்புக் கண்ணாடிக் கதவோடு. அதற்குள்ளே கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன வாசல், வண்டி நிறுத்தும் சந்தில் திறக்கும். நான் சந்து வழியாகப் போனேன்.

ஆளின் பெயர் குழந்தைவேலு. ஐம்பத்தேழு வயதில் குழந்தைவேலு. பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. மனைவி தவறி ஆறு வருடம், பையன் மஸ்கட்டில். என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்ததில் மேஜை ஆடித் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. சப்ளையர் ஆறுச்சாமி துணியோடு வந்து துடைத்தபடி எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேனுங்க” என்றார் பட்டறைக்காரர், முதல் வார்த்தையாக. “என்ற பையன் தொந்தரவு தாங்க முடியல.”

“நானும் அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்ப நல்லதாப் போச்சுங்க.” கொஞ்ச நேரம் மெனு கார்டைப் பார்த்தார். “வந்தது வந்துட்டோம். ஒரு ரவா தோசை சாப்பிட்டுட்டுப் போலாமுங்களா?”

ரவா தோசை சொன்னால் வருவதற்கு நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். போன வாரம்தான் துவைத்தது.

ஆகஸ்ட் 17, சனி

ரவா தோசைக்காகத்தான் போனேன். இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. அவரும் அதற்காகத்தான் வந்ததாகச் சொன்னார்.

முழுக் காபி குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும். போன வாரம் பாதியை வைத்துவிட்டேன். அதைக் கவனித்திருக்கிறார். இன்றைக்கு, “ஒரு காபி, பை-டூ” என்று ஆறுச்சாமியிடம் சொல்லி, வந்ததை இரண்டு முறை ஆற்றி, பாதியை என் டம்ளரில் ஊற்றினார். நுரை எனக்கு வரும்படி ஊற்றினார்.

மனைவி போன பிறகு வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாராம். சமையல் மேடையில் தட்டை வைத்துக்கொண்டு.

“உக்காந்து சாப்பிட்டா எதிர்ல யாரும் இல்லைங்கறது தெரியுமுங்க. நின்னா தெரியாது” என்றார்.

நான் டி.வி. பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன் என்று சொன்னேன். டி.வி.யைப் போடுவதில்லை என்று சொல்லவில்லை. அவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும்?

சந்து வழியாகவே வந்துவிட்டேன். அவர் முன்வாசல் வழியாகப் போனார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கோவிந்தசாமி இன்றைக்குக் கவுண்டருக்கு வந்தார். மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாம்பு வாங்க வருவதாகப் பெயர். ஊர் வம்பைக் கொடுத்து, ஊர் வம்பை வாங்கிப் போவார். அவர் ஒருவர் போதும், எங்கள் ஏரியாவுக்கு ரேடியோ ஸ்டேஷனே வேண்டாம்.

“ஏனுங்க போஸ்டாபீஸம்மா, சனிக்கிழமை பொழுதோட ரத்னவிலாஸ் சந்துல உங்களப் பாத்தாப்ல இருந்துச்சே?”

“அங்க பக்கத்துல டெய்லர்கிட்ட ஜாக்கெட் குடுத்திருக்கேனுங்க.”

“அந்தச் சந்துல டெய்லர் ஏதுங்க?”

“புதுசா வந்திருக்காருங்க.”

அவர் போன பிறகு நான் குத்திய முத்திரையைப் பார்த்தால் நேற்றைய தேதி. நேற்று ஞாயிறு. போஸ்ட்மாஸ்டர் கண்ணில் படும் முன் சரிசெய்துவிட்டேன். மதியம் டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஆகஸ்ட் 31, சனி

போனேன். தோசையில் இருந்த மிளகையெல்லாம் ஓரமாக ஒதுக்கினேன். அதை அவர் எடுத்துத் தின்றார். மிளகு ரொம்பப் பிடிக்குமாம்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ஃபேமிலி ரூமில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம், குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நிற்கின்றன. ஆறுச்சாமி கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து, “ஹால்ல ரெண்டு சீட்டு இருக்குதுங்க, வாங்க” என்று கூப்பிட்டார். குழந்தைவேலு அதற்குள் ஹால் பக்கம் காலெடுத்து வைத்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தலைவலி. நான் கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாக விடுவிடென்று வந்துவிட்டேன். பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

தலைவலி ஒன்றும் இல்லை. நங்கையா கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தாள். பூரணம் வழக்கம்போல் தித்திப்பாகத்தான் இருந்திருக்கும். ஒன்றைத் தின்று மற்றவற்றை மூடி வைத்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 14, சனி

கேட்டுவிட்டார்.

தோசை வரக் காத்திருந்தபோது, டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு: “பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. உங்க வேலை, உங்க வீடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒருத்தர் எதிர்ல உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதானுங்க.” பிறகு தரையைப் பார்த்தபடி, “அவ்வளவுதான்னு சொல்றது பொய்யுங்க. உங்களத்தான் பிடிச்சிருக்கு” என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஏ.சி. குளிரில்கூடச் சுட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிப்பது? நங்கையாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. தம்பி இருந்த வீட்டில் இன்னொருத்தன் செருப்பைக் கண்டால் அவள் தாங்குவாளா? அவளை விட்டால் எனக்கென்று இந்த ஊரில் யார்?

செப்டம்பர் 21, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோவிலுக்குப் போய்விட்டுத்தான் ஃபேமிலி ரூமுக்குப் போனேன். தோசை முடிந்து, காபி வந்து, அவர் ஆற்றி என் டம்ளரில் பாதியை ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. ருக்குமணி நங்கையா, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“சாந்தா? நீ எங்க அம்மிணி இங்க?” என்றாள்.

எழுந்து நின்றேன். வாய் தானாகப் பேசியது. “வாங்க நங்கையா. இவரு... மஸ்கட்டுக்குப் பார்சல் அனுப்பறதைப் பத்திக் கேக்க வந்தவரு. ஆபீஸ் நேரத்துல வர முடியலையாம். அதான்.”

நங்கையா அவரைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். அவர் எழுந்து கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “அப்படி அனுப்பினா போய்ச் சேருமுங்களா மேடம்? இல்ல, திரும்பி வந்துருமுங்களா?” என்று கேட்டார்.

“சேரும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ரொம்ப நன்றிங்க மேடம்.” தன் பாதிக் காபியைத் தொடாமல் போனார். கதவு மூடியது.

இத்தனை வாரத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

நங்கையா பேத்திக்குப் பூரி சொன்னாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள். அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

“சாந்தாமணிங்க, அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள இனி நான் வர்றதில்லீங்க. நாம ஒண்ணும் தப்புப் பண்ணலையே. சனிக்கிழமை ஆறு மணிக்கு ஹால்ல உக்காந்திருப்பேன். வந்தா சந்தோசம். தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்பறம் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“ஹால்ல எப்படீங்க...” என்று ஆரம்பித்தேன்.

“சாப்பிடத்தானுங்க” என்றார்.

செப்டம்பர் 28, சனி

போகவில்லை. அலமாரியில் உள்ளதையெல்லாம் இறக்கி, பேப்பர் மாற்றி, ஏற்றினேன்.

அக்டோபர் 5, சனி

அனாசின் வாங்க மெடிக்கலுக்குப் போனேன். ரத்னவிலாஸுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மெடிக்கல். வீட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. அங்கே கூட்டமாக இருந்திருக்கும்.

அங்கிருந்து ஹால் தெரிகிறது. சுவரோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட்டை வைத்திருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் சீட்டுப் பிடித்து வைப்பதை யாரும் பொறுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து கேட்டார், இவர் கையை ஆட்டினார். இன்னொருவர் வந்து கேட்டார். ஆறுச்சாமி வந்து ஏதோ சொன்னார். இவர் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆள் உட்கார்ந்தார்.

“அம்மா, மாத்திரை” என்று மெடிக்கல்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பட்டறையிலிருந்து பொரி வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வாசல் கேட் சத்தம் கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டுக்கு.

அக்டோபர் 12, சனி

மழை. மழை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்றும் போகவில்லை. உப்புமா கிளறினேன், அடி பிடித்துவிட்டது. அதையே சுரண்டிச் சாப்பிட்டேன், சமையல் மேடையில் தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடி. பாதி சாப்பிட்ட பிறகுதான் நிற்கிறேன் என்பது உறைத்தது. உட்காரலாம் என்று போய் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தேன். திரும்பி வந்து நின்றேன்.

இன்றைக்குப் பிரதீபா போன்.

“ஏம்மா, உனக்கு அவரைப் பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிரு. பாவம், வாராவாரம் வந்து உக்காந்துட்டுப் போறாராம், அவர் பையன் சொன்னார். நான் வேணா பேசிடறேன்.”

“பிடிக்கலைன்னு உங்கிட்ட யாருடி சொன்னா?” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிக்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

நாளை விட்டால் தீபாவளிக்கு முன் சனிக்கிழமை இல்லை. ஒரு பெண் மணியார்டர் ஃபாரத்தை என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறாள், நான் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “உடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்டாள். சரியில்லைதான்.

அக்டோபர் 26, சனி

பச்சைச் சேலை. இஸ்திரி போட்ட மற்றவையும் இருந்தன. வேண்டுமென்றேதான் இதைக் கட்டினேன்.

சந்து வழியாகப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பைக் கடந்து, முன்வாசல் படியேறிப் போனேன். தீபாவளிக் கூட்டம், ஜவுளிக்கடைப் பைகளோடு ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள்.

அதே சுவரோர மேஜை. அவர். பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட். எதிரே, இட்லியைச் சாம்பாரில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர், கடவுளே, கோவிந்தசாமி. அத்தனை மேஜை இருக்கிறதே, இந்த மனுஷன் இங்கேதான் உட்கார வேண்டுமா? அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் அதற்குள் ஒரு தடித்த ஆள் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, “இங்க ஆள் இருக்குதுங்களா, இல்லீங்களா? எத்தன நேரமா வெறும் ஹெல்மெட்டு உக்காந்திருக்கு?” என்று சத்தம் போட்டார். குழந்தைவேலு ஹெல்மெட்டை எடுக்கக் கையை நீட்டிவிட்டார்.

“இருக்குதுங்க” என்றேன். “நான்தான்.”

எப்படி அவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேமிலி ரூமில் எப்போதும் எதிரே உட்காருவோம். இன்றைக்குப் பக்கத்தில். தோள் இடித்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. சாம்பார்க் காரமாகவும் இருக்கலாம்.

கோவிந்தசாமி இட்லியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“அட, போஸ்டாபீஸம்மா. வாங்க வாங்க. இவரு யாருங்க, ஒறம்பரைங்களா?”

டெய்லர் என்று சொல்லலாம். பார்சல் என்று சொல்லலாம். ஒறம்பரை, தூரத்துச் சொந்தம் என்றே சொல்லிவிடலாம்.

“நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவருங்க” என்றேன்.

கோவிந்தசாமி அவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

“அப்படீங்களா? நல்லதுங்க” என்றார். “அந்தத் தண்ணி ஜக்கக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

அவ்வளவுதான். மூன்று மாதம் எனக்குத் தூக்கமில்லை, அந்த மனுஷனுக்கு விக்கல். ஜக்கைத் தள்ளினேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆறுச்சாமி வந்து ஒன்றும் கேட்காமல் இரண்டு ரவா தோசைக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் நின்றவர்கள் எங்கள் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மெதுவாகத்தான் சாப்பிட்டோம். காபியை அவர் ஆற்றும்போது மேஜையெல்லாம் சிந்தியது. மீதி இருந்ததில் பாதி எனக்கு.

முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் வரிசையாக நங்கையாவின் அழைப்புகள். கோவிந்தசாமி விக்கல் நின்றதும் வேலையைத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. நின்றுகொண்டே கூப்பிட்டேன்.

“நங்கையா, நீங்க கேள்விப்பட்டது நெசந்தானுங்க” என்றேன். “அன்னைக்குப் பார்த்தீங்களே, பார்சல் அனுப்ப வந்தவர்னு சொன்னேன். அவருதான்.”



“ஏ அம்மிணி, என்னை என்ன கூறுகெட்டவள்னு நெனச்சயா? பார்சல் அனுப்ப வந்தவன் தன்ற காபியில பாதிய உனக்கு ஊத்துவானா? அதுவும் நொரையோட?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அன்னைக்கே தெரியும். இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னு நானும் பாத்துட்டே இருந்தேன். கடைசியில அந்தக் கோவிந்தசாமி வாயில கேக்க வேண்டியதாப் போச்சு. உன் மேல எனக்குக் கோவம், அது இருக்கட்டும், நேர்ல வந்து பேசிக்கறேன்.” “என்ற தம்பி...” என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள்.

நான் அழுதுவிட்டேன். அழுதால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும்.

“செரி செரி, அழுகாத. தீபாவளி முடிஞ்சு அடுத்த சனிக்கிழமை நானும் வர்றேன். அந்த மனுசன வரச் சொல்லு. ஹால்லயே உக்காந்துக்கலாம் அம்மிணி, அந்த ஃபேமிலி ரூமுக் குளுரு எனக்கு ஆகறதில்ல.”